ஏஞ்சலிக் கெர்பர்: ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஸ்டெஃபி கிராஃபுக்கு அப்புறம் ஜெர்மனிக்கு டென்னிஸ் ஒற்றையரில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்ச், அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன் என்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வாங்கித் தந்த பெண் ஏஞ்சலிக் கெர்பர். மூன்று கிராண்ட் ஸ்லாம், 34 வாரம் உலகின் நம்பர் 1, ஓர் ஒலிம்பிக் வெள்ளி, மொத்தம் 14 ஒற்றையர் பட்டங்கள். இவ்வளவு செய்தும் நம் ஊர் டென்னிஸ் பேச்சில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. 2011-லிருந்து அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்து வந்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கெர்பர் ஜெர்மனியா, போலந்தா?

ஜெர்மனிக்காகத்தான் ஆடினார். 1988 ஜனவரி 18 அன்று ஜெர்மனியின் பிரெமன் நகரில் பிறந்து, வடக்கே கீல் நகரில் வளர்ந்தார். பெற்றோர் போலந்து வம்சாவளி. போலந்தில் போஸ்னான் நகரத்துக்குப் பக்கத்தில் புஷ்சிகோவோ என்ற சிற்றூரில் அவருடைய தாத்தா நடத்திய டென்னிஸ் மையம் இருக்கிறது. கெர்பர் பல ஆண்டுகள் அங்கேதான் பயிற்சி எடுத்தார். ஜெர்மன், போலிஷ் இரண்டுமே சரளமாகப் பேசுவார். மூன்று வயதில் மட்டையைத் தொட்டவர், 2003-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அவர் பிறந்த வருஷத்தையும் கவனியுங்கள். அதே 1988-ல்தான் ஸ்டெஃபி கிராஃப் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் சேர்த்து வென்றார். கெர்பரின் வாழ்க்கையில் கிராஃபின் பெயர் பிறந்த வருஷத்திலிருந்தே ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கீழே வரும் பதில்களிலும் அது பல இடத்தில் வரும்.

அவர் உண்மையிலேயே இடது கைக்காரரா?

இல்லை. எழுதுவது உட்பட மற்ற வேலைக்கெல்லாம் வலது கைதான். டென்னிஸ் மட்டும் சின்ன வயதிலிருந்தே இடது கையில்.

இதை வெறும் துணுக்காகப் பார்க்க வேண்டாம், அவர் ஆட்டமே இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. இடது கையால் ஆடுபவர் இரு கைகளாலும் பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்துக்கான அடி) அடிக்கும்போது மட்டையில் மேலே இருப்பது வலது கை, பந்தைத் தள்ளுவதும் அந்தக் கைதான். கெர்பருக்கு இயற்கையாகவே பலமான கை அது. அதனால் பேக்ஹேண்ட் பாறை மாதிரி நின்றது. சர்வீஸ் முழுக்க முழுக்க இடது கையின் வேலை. அது கடைசிவரை அவருடைய பலவீனமாகவே இருந்தது. அதிலும் செகண்ட் சர்வ் (முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு) மெதுவாக வந்து விழும், எதிராளிகள் அதை அடிக்கக் காத்திருப்பார்கள்.

அப்படியானால் எதை வைத்து ஜெயித்தார்?

கால்களை வைத்து. பந்து எந்த மூலைக்குப் போனாலும் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டுவிடுவார். எதிராளி நல்ல ஷாட் என்று நினைத்து அடுத்த பாயின்ட்டுக்குத் தயாராகும்போது பந்து மறுபடி அவர் காலடியில் வந்து நிற்கும். ஒரு பாயின்ட்டையே மூன்று தடவை ஜெயிக்க வேண்டிய நிலைமை.

பார்க்கவே அதிசயமான ஷாட் ஒன்றும் அவரிடம் இருந்தது. பந்து வேகமாகவும் தாழ்வாகவும் பேஸ்லைன் (பின்கோடு) பக்கம் வரும்போது மற்றவர்கள் ஓரடி பின்னால் போவார்கள். கெர்பர் பின்வாங்க மாட்டார். முழங்கால் கிட்டத்தட்டத் தரையைத் தொடும் அளவுக்கு அப்படியே குந்திவிடுவார். குந்திய நிலையிலேயே இடுப்பைத் திருப்பி, வந்த வேகத்தைக் கடன் வாங்கி, கோட்டோடு கோட்டாக ஃபோர்ஹேண்டை அனுப்புவார். பந்து எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு போகும். தற்காத்துக்கொண்டிருந்தவர் ஒரே அடியில் தாக்குகிறவர் ஆகிவிடுவார். தொடைக்கு எவ்வளவு வலு இருந்தால் ஒரு ஆட்டம் முழுக்க இப்படிக் குந்தி எழ முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

23 வயது வரை எங்கே இருந்தார்?

சின்னச் சின்னப் போட்டிகளில், தரவரிசையில் நடுவிலும் கீழேயும். 2011 கோடையில் நிலைமை மோசம். விம்பிள்டனில் லாரா ராப்சன் என்ற 17 வயது பிரிட்டன் பெண்ணிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். விட்டுவிடலாமா என்றுகூட அந்தச் சமயத்தில் யோசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஓஃபன்பாக் நகரில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, சக ஜெர்மன் வீராங்கனை ஆண்ட்ரியா பெட்கோவிச்சோடு உடல் தகுதிக்காகக் கடுமையாக உழைத்தார்.

பலன் சில வாரங்களிலேயே தெரிந்தது. தரவரிசையில் 92-வது இடத்தில் இருந்தபடி அமெரிக்க ஓபனுக்குப் போனவர் அரையிறுதி வரை வந்துவிட்டார். அங்கே அவரை வென்ற சமந்தா ஸ்டோசர்தான் கோப்பையையும் தூக்கினார். 2012-ல் பாரிஸ் உள்ளரங்கப் போட்டியில் முதல் பட்டம், கோபன்ஹேகனில் இரண்டாவது, விம்பிள்டனில் அரையிறுதி. ஒரு வருஷத்துக்குள் முதல் பத்து பேரில் ஒருவர் ஆகிவிட்டார்.

2012-லேயே முதல் பத்தில் வந்தவருக்கு கிராண்ட் ஸ்லாம் கிடைக்க ஏன் 2016 ஆனது?

சின்ன மேடையில் கைகொடுத்த நிதானம் பெரிய மேடையில் நழுவியது. 2015-ஐப் பார்த்தாலே புரியும். அந்த வருஷம் நான்கு பட்டங்கள்: சார்ல்ஸ்டனில் பச்சைக் களிமண், ஸ்டுட்கார்ட்டில் சிவப்புக் களிமண், பர்மிங்ஹாமில் புல்தரை, ஸ்டான்ஃபோர்டில் கடினத் தரை. நான்கும் நான்கு விதமான தரை! ஆனால் நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றில்கூட மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை.

வருஷக் கடைசியில் சிங்கப்பூரில், அந்த ஆண்டின் முன்னணி எட்டு பேர் முதலில் குழுக்களாகப் பிரிந்து ஆடும் போட்டியில் இன்னும் கொடுமை. லூசி சஃபரோவாவுக்கு எதிராக ஒரே ஒரு செட் (மூன்றில் இரண்டு செட் எடுப்பவருக்கே ஆட்டம்) எடுத்தால் போதும், அரையிறுதி. நேர் செட்களில் தோற்றார். அந்த ஒரு செட்டின் நினைப்பே அவரை அழுத்தியிருந்தது ஆட்டத்தில் நன்றாகவே தெரிந்தது. 2016-க்கான விதை அந்தத் தோல்வியில்தான் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

அதே 2015-ல் லாஸ் வேகாஸுக்குப் போய் ஸ்டெஃபி கிராஃபோடு சில நாள் பயிற்சி செய்தார். பழைய பயிற்சியாளர் டோர்பன் பெல்ட்ஸும் அந்த ஆண்டு திரும்பி வந்திருந்தார். கிராஃப் புதிதாக ஷாட் எதையும் கற்றுத் தந்துவிடவில்லை. நீ போகும் பாதை சரிதான் என்று அவர் வாயால் கேட்டதே கெர்பருக்குப் பெரிய பலமாக இருந்தது.

2016 ஆஸ்திரேலிய ஓபனில் என்னதான் நடந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அந்தப் போட்டி முதல் நாளே முடிந்திருக்க வேண்டியது. முதல் சுற்றில் ஜப்பானின் மிசாகி டோய். முதல் செட் டைபிரேக்கரில் (6-6 என்று சமமானால் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) போய்விட்டது. இரண்டாவது செட்டும் டைபிரேக்கர். அதில் டோய்க்கு மேட்ச் பாயின்ட். அந்த ஒரு பந்து வேறு மாதிரி போயிருந்தால் கெர்பர் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார், இந்தப் பக்கத்தை எழுத எனக்கும் வேலை இருந்திருக்காது. தப்பித்தார். 6-7, 7-6, 6-3.

காலிறுதியில் விக்டோரியா அசரென்கா. அதுவரை கெர்பர் ஒருமுறைகூட வெல்லாத ஆள். இரண்டாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, ஐந்து செட் பாயின்ட்களைக் காப்பாற்றி, 7-5 என்று முடித்தார். அரையிறுதியில் ஜோஹன்னா கோன்டாவைத் தாண்டினார்.

இறுதியில் செரீனா வில்லியம்ஸ். செரீனாவிடம் அப்போது 21 கிராண்ட் ஸ்லாம்கள், இன்னும் ஒன்று கிடைத்தால் கிராஃபின் 22-ஐத் தொட்டுவிடுவார். கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனால் செரீனா தோற்றதே கிடையாது, எட்டுக்கு எட்டு. கெர்பருக்கோ இதுதான் முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதி.

முதல் செட் கெர்பருக்கு 6-4. இரண்டாவது செரீனாவுக்கு 6-3. வழக்கம்போல இனி செரீனாதான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தோம். மூன்றாவது செட்டில் கெர்பர் 5-2 என்று முன்னேறினார். செரீனா விடவில்லை, 5-4 வரை நெருங்கிவிட்டார். சிங்கப்பூரில் ஒரு செட்டுக்குப் பயந்த அதே பெண் இப்போது பதறவில்லை. செரீனாவின் சர்வீஸை உடைத்தார், அதாவது செரீனா சர்வ் செய்த கேமைத் தானே எடுத்தார். செரீனா வலைப்பக்கம் வந்து, பந்து தரையைத் தொடும் முன் அடித்த வாலி நீளமாகப் போய் விழ, கெர்பர் மட்டையை விட்டுவிட்டு மல்லாந்து சாய்ந்தார். 6-4, 3-6, 6-4. செரீனா வலையைச் சுற்றிக்கொண்டு கெர்பர் பக்கமே நடந்து வந்து கட்டிப்பிடித்தார்.

தானாகச் செய்த தவறுகள் செரீனாவுக்கு 46, கெர்பருக்கு 13. ஆட்டத்தின் கதை அந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

1999 பிரெஞ்ச் ஓபனில் கிராஃப் ஜெயித்ததற்கு அப்புறம் ஜெர்மன் ஆட்டக்காரர் ஒருவர் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வெல்வது அதுதான் முதல்முறை. இடையில் சபீன் லிசிக்கி 2013 விம்பிள்டன் இறுதிக்கு வந்து மரியன் பார்ட்டோலியிடம் தோற்றிருந்தார்.

ஆற்றில் குதித்தது நிஜமா?

நிஜம்தான். ஜெயித்தால் மெல்பர்னின் யர்ரா ஆற்றில் குதிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார், ஜெயித்ததும் குதித்தார். 1992-ல் ஜிம் கூரியரும் ஆஸ்திரேலிய ஓபன் வென்றுவிட்டு அதே ஆற்றில் குதித்தவர்.

நம்பர் 1 ஆனது எப்போது?

2016 செப்டம்பர் 12. வயது 28. முதல்முறை நம்பர் 1 ஆன பெண்களில் இவர்தான் மூத்தவர், அதற்கு முன் அந்தப் பெயர் 25 வயதில் ஆன ஜெனிஃபர் கேப்ரியாட்டியிடம் இருந்தது.

வழி சுலபமாக இல்லை. விம்பிள்டன் இறுதியில் செரீனா கணக்குத் தீர்த்தார், 7-5, 6-3. செரீனாவின் 22-வது கிராண்ட் ஸ்லாம் அங்கேதான் வந்தது. ஆகஸ்டில் சின்சினாட்டி இறுதியை வென்றிருந்தால் அன்றைக்கே நம்பர் 1. கரோலினா பிளிஸ்கோவா 6-3, 6-1 என்று அடித்து நொறுக்கினார்.

அடுத்து அமெரிக்க ஓபன். அரையிறுதி நாளில் கெர்பர் களத்தில் இறங்குவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது: செரீனாவை பிளிஸ்கோவா தோற்கடித்துவிட்டார், ஆகவே கெர்பர்தான் புதிய நம்பர் 1. செரீனா தொடர்ந்து நம்பர் 1-ஆக இருந்த காலம் 186 வாரத்தோடு நின்றது. கிராஃபின் சாதனையும் சரியாக அதே 186 வாரம். ஜனவரியில் 22 என்ற எண்ணுக்குக் காவல் நின்றவர், செப்டம்பரில் இந்த எண்ணுக்கும் காவல் நின்றுவிட்டார்.

இறுதியில் மறுபடி அதே பிளிஸ்கோவா. மூன்றாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியும் 6-3, 4-6, 6-4 என்று கெர்பர் வென்றார். சின்சினாட்டியில் வாங்கிய அடிக்கு மூன்று வாரத்தில் பதில்.

ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் ஏன் தவறியது?

எதிரே நின்றவர் அன்றைக்கு வாழ்நாள் ஆட்டம் ஆடினார். போர்ட்டோ ரிக்கோவின் மோனிகா புய்க், 6-4, 4-6, 6-1. அந்தத் தீவின் முதல் ஒலிம்பிக் தங்கமே அதுதான். கெர்பருக்கு வெள்ளி.

2017-ல் என்ன ஆனது?

துரத்துவதில் கெட்டிக்காரர், துரத்தப்படுவது அவருக்குப் பழக்கமில்லை. ஒரு பட்டம்கூட இல்லை. பிரெஞ்ச் ஓபனில் எகடெரினா மகரோவாவிடம் முதல் சுற்றிலேயே வெளியேறினார். முதல்நிலை வீராங்கனை (போட்டியில் தரவரிசைப்படி முதலாவதாக வைக்கப்படுபவர்) அங்கே முதல் சுற்றில் தோற்பது, 1968-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த ஓப்பன் காலம் தொடங்கியதிலிருந்து அதுவே முதல் தடவை. நடப்புச் சாம்பியனாகப் போன அமெரிக்க ஓபனிலும் முதல் சுற்றில் தோல்வி, அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத நவோமி ஒசாகாவிடம். வருஷக் கடைசியில் தரவரிசையில் 21.

ஒரே வருஷ அதிசயம் என்று பல பேர் முடிவு கட்டினார்கள். அது எனக்கு அப்போதும் வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

2018 விம்பிள்டன்: குழந்தை பெற்று வந்த செரீனாவைத்தானே வென்றார்?

இந்தக் கேள்வி கொஞ்சம் குறையாகவே கேட்கப்படுகிறது. செரீனா குழந்தை பெற்றுப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது என்பது உண்மை. அந்த உடலோடு விம்பிள்டன் இறுதிக்கு வந்தது செரீனாவின் பெருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கெர்பர் அன்று ஆடியதைப் பாருங்கள். 65 நிமிடம், 6-3, 6-3. முழு ஆட்டத்திலும் அவர் தானாகச் செய்த தவறுகள் ஐந்தே ஐந்து. விம்பிள்டன் இறுதியில், சென்டர் கோர்ட்டில், செரீனாவுக்கு எதிராக ஐந்து! அன்றைக்கு யார் எதிரே நின்றிருந்தாலும் திணறியிருப்பார்கள்.

இறுதிக்கு வந்த வழியும் லேசானது இல்லை. 11-வது நிலை வீராங்கனையாக இறங்கி, ஒசாகா, பெலிண்டா பென்சிச், டாரியா கசட்கினா, யெலேனா ஒஸ்டாபென்கோ என்று வரிசையாக இளம் கைகளைத் தாண்டி வந்தார். இந்த வெற்றியால் செரீனாவின் 24-வது கிராண்ட் ஸ்லாம் கனவு தள்ளிப்போனது. 1996-ல் கிராஃப் வென்றதற்கு அப்புறம் விம்பிள்டன் வென்ற முதல் ஜெர்மன் பெண்ணும் ஆனார். கடைசிப் பாயின்ட் முடிந்ததும் மல்லாந்து விழுந்ததில் வெள்ளை உடையெல்லாம் மண். அதே மண்ணோடு போய், விம்பிள்டனில் பெண்களுக்குக் கோப்பையாகத் தரும் தட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் அவருக்குப் பயிற்சியாளர் பெல்ஜியத்தின் விம் ஃபிசெட். சர்வீஸைத் திருத்தினார், இன்னும் துணிந்து அடிக்க வைத்தார். ஆண்டின் தொடக்கத்திலேயே சிட்னியில் பட்டம். ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் சிமோனா ஹாலெப்பிடம் 6-3, 4-6, 9-7 என்று தோற்றார். தோற்றாலும், கெர்பர் திரும்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஆட்டத்தில்தான்.

பிரெஞ்ச் ஓபன் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

2012, 2018 இரண்டு முறை காலிறுதி, அதற்கு மேல் இல்லை. அவர் ஆட்டம் எதிராளியின் வேகத்தைத் திருப்பி அனுப்புவது. பாரிஸின் களிமண்ணில் பந்து மெதுவாக, உயரமாக எழும்பும். கடன் வாங்க வேகமே இருக்காது. குந்தி அடிக்கும் ஷாட்டும் தாழ்ந்து வரும் பந்துக்குத்தான். ஸ்டுட்கார்ட்டில் 2015, 2016 இரண்டு முறை வென்றாரே என்று கேட்பீர்கள். அது கூரைக்குக் கீழே உள்ள களிமண், காற்றும் ஈரமும் இல்லாததால் பந்து இன்னும் வேகமாக வரும்.

2018-க்கு அப்புறம்?

2019 இண்டியன் வெல்ஸ் இறுதியில் 18 வயது பியாங்கா ஆண்ட்ரீஸ்குவிடம் தோற்றார். பிறகு கொஞ்சம் இறங்குமுகம். 2021-ல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க்கில் புல்தரைப் பட்டம், அந்தச் சூட்டோடு விம்பிள்டன் அரையிறுதி; ஆஷ்லி பார்ட்டி நிறுத்தினார். 2022-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மூன்று செட்டும் டைபிரேக்கருக்குப் போன இறுதியில் கடைசிப் பட்டம்.

அந்த ஆகஸ்டில் தாய்மை அடைந்த செய்தியைச் சொன்னார். ஒருவருக்கு எதிராக இரண்டு பேர் ஆடுவது நியாயமான போட்டி இல்லை, அதனால் அமெரிக்க ஓபன் வரவில்லை என்று எழுதியிருந்தார். 2023-ல் மகள் பிறந்தாள். 2024 ஜனவரியில், நாடுகள் அணியாக மோதும் யுனைடெட் கோப்பையில் திரும்பி வந்தார், அதை ஜெர்மனி வென்றது.

கடைசி ஆட்டம் எது?

2024 பாரிஸ் ஒலிம்பிக். இதுதான் கடைசிப் போட்டி என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். டென்னிஸ் நடந்த இடம் பிரெஞ்ச் ஓபன் நடக்கும் ரோலான் காரோஸ், அவருக்கு ஒருபோதும் கைகொடுக்காத அதே களிமண். முதல் சுற்றில் எதிரே நவோமி ஒசாகா. அவரும் குழந்தை பெற்றுத் திரும்பியவர். 7-5, 6-3 என்று கெர்பர் வென்றார். யாரும் எதிர்பார்க்காத வகையில் காலிறுதி வரை வந்தார். அங்கே சீனாவின் ஜெங் சின்வென்னோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட்டம்: 6-7, 6-4, 7-6. கடைசி டைபிரேக்கர் 8-6 என்று ஜெங்குக்குப் போனது. ஜெங் அப்புறம் தங்கமே வென்றார். 36 வயதில், பிடிக்காத தரையில், சாம்பியனைத் தோல்விக்கு இரண்டு பாயின்ட் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு விடைபெற்றார். அன்று கண் கலங்கியதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கிராஃபோடு ஒப்பிடலாமா?

வேண்டாம். கிராஃபுக்கு 22 கிராண்ட் ஸ்லாம் பட்டம், 377 வாரம் நம்பர் 1. கெர்பரே அந்த ஒப்பீட்டை ஏற்க மாட்டார். தவிர, ஜெர்மனியில் மட்டை பிடித்த ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் அந்தப் பெயரை ஏற்றி வைத்தே 17 வருஷம் போனது.

அவர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

நேரம் குறைவு என்றால் 2018 விம்பிள்டன் இறுதி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் இருந்தால் 2016 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியை முழுசாகப் பாருங்கள், மூன்றாவது செட்டில் கெர்பர் வலையை ஒட்டி மெதுவாக விழவைக்கும் டிராப் ஷாட்களைத் தவறவிடாதீர்கள். பந்தைப் பின்தொடர்வதை நடுநடுவே விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். ஷாட் அடித்த மறுகணமே அந்தக் கால்கள் அடுத்த பந்துக்காக நடுவுக்கு வந்து, குறுகி, காத்திருக்கும்.